மத்திமம் பிடிபடாத ஹார்ன்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து அரசவைத் தேவாலயத்தில் ஓர் அலமாரி இருந்தது. அரசவை இசைக்குழுவை வழிநடத்திய வயலின் கலைஞர் பிசெண்டல் 1755-இல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்திருந்த இசைக் கையெழுத்துப் படிகள் பிற்பாடு கட்டுக்கட்டாக அந்த அலமாரிக்குள் போயின. ஒவ்வொரு கட்டின் மேலுறையிலும் ஒரு சீட்டு: அலமாரி எண் 2, எத்தனையாவது தட்டு, எத்தனையாவது அடுக்கு. ரசனை மாறிவிட்டதால் வெகுகாலம் யாரும் அதைத் தேடவில்லை. விவால்டி மாதிரி பெரிய பெயர்களோடு, அதே அரசவையில் இசைத் தலைவராக இருந்து 1729-இல் மறைந்த ஹைனிஷெனின் படைப்புகளும் சேர்ந்து தூங்கின. 1990-களின் தொடக்கத்தில் ரைன்ஹார்ட் கோபெலின் ‘முசிக்கா ஆண்டிகுவா கோல்ன்’ குழு அவற்றைப் பழைய வகைக் கருவிகளில் வாசித்துப் பதிவு செய்தபோதுதான் ஹைனிஷென் என்று ஒருவர் இருந்ததே பலருக்குத் தெரிந்தது.

சரி, தாள் கிடைத்துவிட்டது. ஆனால் எந்தச் சுருதியில் வாசிப்பது? இன்று பொதுவாக மேற்கத்திய இசையின் ‘ஏ’ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வு. 18-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் வேறு. தாளில் இதற்கு விடை இருக்காது, குழாயில் இருக்கும். ஒரு குழாய் எவ்வளவு நீளமோ அதற்கேற்ற சுரம்தான் அதிலிருந்து வரும் என்பதால், அந்தக் காலத்து ஆர்கன்களும் (காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் தேவாலயக் கருவி) மரப் புல்லாங்குழல்களும் அன்றைய சுருதியை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கின்றன. அதே தேவாலயத்தில் இருக்கும் ஸில்பர்மன் என்ற கைவினைஞரின் ஆர்கனின் சுருதி 415 ஹெர்ட்ஸை ஒட்டியது. நம் கணக்கில் அரைக் கட்டை குறைவு. இன்றைய பழங்கருவிக் குழுக்கள் பெரும்பாலும் 415-ஐயே வைத்துக்கொள்கின்றன. எல்லா ஊர் இசைக்கும் ஒரே எண் என்பது நம் காலத்து வசதி, வேறொன்றுமில்லை.

உண்மையான சிக்கல் ஹார்ன் என்ற ஊதுகருவிதான். அதில் விரலால் அமுக்கிச் சுரத்தை மாற்றும் வால்வு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். ஹைனிஷென் காலத்து ஹார்ன் என்பது சுருட்டி வைத்த, ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளப் பித்தளைக் குழாய். துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. ஊதுபவரின் உதடு எப்படி அதிர்ந்தாலும், உள்ளே இருக்கும் காற்றுத் தூண் சில அதிர்வெண்களை மட்டுமே ஏற்கும். அடிப்படை 41 ஹெர்ட்ஸ் என்றால் அதன் மடங்குகளான 82, 123, 164 என்று மேலே போகும். இடைப்பட்டவை உருப்படியாக நிற்காது.

கீழ்ப் பகுதியில் இந்தச் சுரங்கள் எட்ட எட்ட இருக்கும், அவற்றை வைத்து மெட்டுக் கட்ட முடியாது. 8-ஆம் மடங்குக்கு மேலே போனால் நெருங்கி வருகின்றன: 8 ச, 9 ரி, 10 க, 12 ப, 15 நி, 16 மேல் ச. அதனால்தான் அக்கால ஹார்ன் மெட்டுகள் மூச்சு முட்டும் உச்சத்திலேயே திரிகின்றன. அது இசையமைப்பாளரின் விருப்பம் மட்டுமல்ல, குழாயின் கணிதம். நடுவில் விட்டுப்போன 11-ஆம் மடங்கைப் பாருங்கள், ‘ம’ எனும் மத்திமம் வர வேண்டிய இடம். தாழ்ந்த சுத்த மத்திமமும் இல்லை, அதைவிட அரைக் கட்டை உயர்ந்த பிரதி மத்திமமும் இல்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவே நிற்கிறது. 13-ஆம் மடங்கான தைவதமும் அப்படித்தான், இரண்டுங்கெட்டான். தாளில் மத்திமம் வந்தால், கலைஞர் உதட்டை இறுக்கியோ தளர்த்தியோ சுரத்தை ஒரு பக்கமாகத் தள்ள வேண்டும். கொஞ்சம் தவறினால் பிசிறிவிடும்.

இதே டிரெஸ்டனில் ஹாம்பெல் என்ற கலைஞர், குழாயின் அகன்ற வாய்க்குள் கையை நுழைத்துச் சுரத்தை வளைக்கும் உத்தியை நூற்றாண்டின் நடுவில் வளர்த்தெடுத்தார். ஹைனிஷென் அதற்கு முன்பே போய்விட்டார்.

இன்றைய குழுக்கள் என்ன செய்கின்றன? பலர் குழாயில் சின்னத் துளைகள் போட்டு, விரலால் திறந்து மூடிச் சுரத்தைச் சரி செய்துகொள்கிறார்கள். ட்ரம்பெட்டில் இது இன்னும் சகஜம். இந்தத் துளைகள் 20-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு. ‘அந்தக் காலத்துக் கருவி’ என்று சொல்லிவிட்டு அந்தக் காலத்தில் இல்லாத ஓட்டையைப் போடுவது எனக்கு நெருடத்தான் செய்கிறது. ஆனால் காசு கொடுத்து வந்தவர்கள் முன்னால் சுரம் பிசிறினால் அவமானம் அந்தக் கலைஞருக்குத்தானே, எனக்கல்லவே!

வயலின் பக்கம் அவ்வளவு சிக்கல் இல்லை. ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு, எஃகைவிடப் பல மடங்கு அடர்த்தி குறைந்தது. அதே சுரத்துக்குத் தடிமனாக இருக்க வேண்டும். அதிர்வின் உச்ச மேற்சுரங்களை நரம்பே விழுங்கிவிடுவதால் ஒலி கூர்மை குறைந்து வரும், மென்மையான மரப் புல்லாங்குழலை அமுக்காது. ஈரப்பதம் மாறினால் சுருதி நழுவும் என்பதுதான் தொல்லை. கச்சேரிக்கு நடுவில் அடிக்கடி முறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்த அலமாரிக் கட்டுகளை டிரெஸ்டன் அரசு நூலகம் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஹைனிஷென் ஹார்னுக்கு இடம் கொடுத்து எழுதிய எஃப் மேஜர் கான்செர்டோ (எஃப் சுரத்தை ‘ச’வாக வைத்த, தனிக் கருவிகளும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒன்றை ஓடவிட்டு, ஹார்ன் மத்திமத்தைத் தொடும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எந்தக் குழு ஓட்டை போட்டிருக்கிறது, எது உதட்டை நம்பியிருக்கிறது என்று பெரும்பாலும் அங்கே பிடிபட்டுவிடும்.