புல்வெட்டியின் பிளேடு முனை எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும்?

அரிவாளால் புல் அறுப்பவர் இடது கையால் ஒரு பிடி புல்லை இறுகப் பிடித்துக்கொண்டுதான் வலது கையால் அறுப்பார். பிடிக்காமல் வீசினால் புல் சாய்ந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். அடி மண்ணில் ஊன்றியிருந்தாலும் நுனிக்குப் பிடிமானம் கிடையாது. வீட்டுப் புல்தரைக்குத் தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டி வாங்குகிறவர் கடையில் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: அந்த இடது கை செய்யும் வேலையை இதில் எது செய்கிறது?

உருளை வகையில் அதைச் செய்வது அடியில் அசையாமல் இருக்கும் ஒரு பட்டைக் கத்தி. சுழலும் உருளையின் சுருள் கத்திகள் புல்லைக் கொண்டுவந்து அந்தப் பட்டையின் விளிம்பில் சேர்த்து அழுத்த, இரண்டுக்கும் நடுவில் புல் நறுக்கென்று அறுபடுகிறது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-இல் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டியே இந்த வகைதான். நெய்த கம்பளித் துணியின் மேல் துருத்தி நிற்கும் இழைகளை மழிக்க ஆலைகளில் இருந்த உருளைக் கத்திதான் அவருக்கு முன்மாதிரி. இதில் பிடிமானம் எப்போதும் இருப்பதால் வேகம் தேவையில்லை. கையால் தள்ளும் வேகமே போதும்.

இன்று கடைகளில் அதிகம் விற்கும் சுழல்பிளேடு வகையில் பட்டைக் கத்தி எதுவும் இல்லை. தட்டையான ஒரே பிளேடு தரைக்கு இணையாகச் சுழல்கிறது. புல்லைப் பிடித்து நிறுத்துவது புல்லின் சொந்த நிலைமம் (இருந்த நிலையிலேயே இருக்க முயலும் குணம்) மட்டுமே: புல் சாய்வதற்கு நேரம் கிடைக்கும் முன்பே பிளேடு அதைக் கடந்துவிட வேண்டும். அந்த வேகம் குறைந்தால் பிளேடு புல்லை வெட்டாது, அடித்துக் கிழிக்கும். கிழிந்த நுனி இரண்டொரு நாளில் வெளுத்துப் பழுப்பாகி, தண்ணீர் போதாத புல்தரைபோலத் தெரியும். பலரும் நம்பிக் கூடுதலாகத் தண்ணீர் விடுவார்கள்.

சுழல்வகை வெட்டிகளுக்கு முனைவேகம் நொடிக்குக் குறைந்தது 50 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 53 சென்டிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் முனை நொடிக்கு 83 மீட்டர் போகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர். அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது நொடிக்குச் சுமார் 96 மீட்டர். அதற்கு மேல் போனால் கல்லோ பிளேடின் உடைந்த துண்டோ பறப்பதைப் பிளேடை மூடியிருக்கும் கூடு தடுப்பது கடினம். பெட்ரோல் புல்வெட்டிகள் பெரும்பாலும் 3,000 சுற்றை ஒட்டியே ஓடுவதால் இந்த விஷயத்தில் அவற்றில் சிக்கல் குறைவு.

கவனிக்க வேண்டியது மின்சார வகையைத்தான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் சுமார் 2,850 சுற்றும் நான்கு துருவ மோட்டார் சுமார் 1,440 சுற்றும் ஓடும். 46 சென்டிமீட்டர் பிளேடை நேரடியாக மாட்டினால் முதலாவதில் முனைவேகம் நொடிக்குச் சுமார் 69 மீட்டர், இரண்டாவதில் 35 மீட்டர்கூட வராது. இரண்டின் பெயர்ப்பலகையிலும் 2 எச்.பி. என்றே போட்டிருக்கலாம். குதிரைத்திறன் அடர்ந்த புல்லில் பிளேடு திணறாமல் இருக்கத்தான் உதவும். அறுப்பு சுத்தமாக விழுவதை முடிவு செய்வது வேகம். ஆகவே பலகையில் சுற்று எண்ணிக்கையைப் படியுங்கள். பலகையே இல்லாத மோட்டாரை வாங்காதீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண நடையில், மணிக்கு 3 கிலோமீட்டர் என்று கொண்டால், 3,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு இயந்திரம் 17 மில்லிமீட்டர் முன்னேறுகிறது. பிளேடுக்கு இரண்டு முனைகள் இருப்பதால் ஒரு முனையின் பங்கு 8 மில்லிமீட்டர் சொச்சம். அதாவது அரை மீட்டர் நீளப் பிளேடில் புதுப் புல்லை வெட்டுவது இரு ஓரங்களிலும் உள்ள ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். மற்றதெல்லாம் அதைத் தாங்கும் கைப்பிடி. தீட்டும்போது நடுப்பகுதியில் உழைப்பை வீணாக்க வேண்டாம் என்பதற்கும், புல் அடர்ந்த இடத்தில் மெதுவாக நடந்தால் வெட்டு சீராவதற்கும் இதுவே காரணம்.

பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது காற்றை மேலே தள்ளி, கூட்டுக்குள் உறிஞ்சலை உண்டாக்கி, படுத்த புல்லை நிமிர்த்தி வைக்கிறது. வெட்டிய துணுக்கைப் பைக்கு அனுப்புவதும் அதே காற்றோட்டம்தான். ஈரப்புல் கூட்டின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்துவிட்டால் காற்றுக்கு வழி அடைபட்டு, புதுப் பிளேடு போட்டாலும் தரையில் வரிவரியாகப் புல் நிற்கும். தகடு துருப்பிடிக்கத் தொடங்குவதும் அந்த அப்பலுக்குப் பின்னாலிருந்துதான். ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் மரக்கரண்டியாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ அதைச் சுரண்டிவிட வேண்டும். பிளேடைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது வளைந்த பக்கம் கூட்டை நோக்கி மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் வெட்டும் விளிம்புக்குப் பதில் முதுகுதான் புல்லில் மோதும்.

சமநிலையைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதில்லை. ஆனால் இயந்திரத்தின் ஆயுளைத் தின்பது பெரும்பாலும் அதுதான். பிளேடின் ஒரு முனை மறுமுனையைவிட வெறும் 10 கிராம் கூடுதல் என்றால், 22 சென்டிமீட்டர் ஆரத்தில் 3,000 சுற்றில் அது தண்டைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை சுமார் 217 நியூட்டன். 22 கிலோ எடையை மாட்டி, நொடிக்கு 50 முறை திசை மாற்றி இழுப்பதற்குச் சமம். பேரிங் தேய்வது, எண்ணெய் சீல் கசிவது, கைப்பிடி போல்ட் தானாகக் கழல்வது எல்லாம் இதன் பின்விளைவு. சோதனை எளிது: பிளேடின் நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டி விடுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை அரத்தால் இன்னும் சற்று ராவுங்கள். கிடையாக நிற்கும்வரை தொடருங்கள். தீட்டுவது மேல்பக்கச் சரிவில் மட்டும், சுமார் 30 பாகைக் கோணத்தில். சவரக் கத்தி அளவுக்குக் கூர்மை வேண்டாம், முதல் சிறு கல்லிலேயே மடங்கிவிடும். 20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும். மணல் கலந்த தரையில் அதற்கு முன்பே தேவைப்படும்.

பெட்ரோல் வகையில் பழுதுகளின் முதல் இடம் கார்புரேட்டருக்கு. அதன் ஜெட் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. மழை முடிந்து கோடையில் இயந்திரம் இரண்டு மூன்று மாதம் சும்மா நிற்கும்போது கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசினாக அந்தத் துளையை மூடும். இந்தியாவில் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து, அலுமினியக் கிண்ணத்தை அரித்து வெண்மையான படிவை விட்டுவைக்கும். சிறு எஞ்சின்கள் பலவற்றின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. வாங்கும் முன் கையேட்டில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள். எப்படியிருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள்.

எண்ணெய் விஷயம் இன்னும் நுட்பமானது. இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் எண்ணெய் பம்ப் கிடையாது. உள்ளே சுழலும் ஒரு சிறு சக்கரம் எண்ணெயை வாரித் தெளிப்பதுதான் மொத்த உயவு ஏற்பாடும். கொள்ளளவு அரை லிட்டரைச் சுற்றித்தான். நூறு மில்லி குறைந்தாலே அது பெரிய பங்கு. செங்குத்தான சரிவில் நெடுநேரம் ஓட்டினால் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கித் தெளிப்பு நின்றுபோகும். எஸ்.ஏ.இ. 30 அல்லது 10டபிள்யூ-30 எண்ணெய், முதல் மாற்றம் 5 மணி நேரத்தில், பிறகு 50 மணிக்கு ஒருமுறை. முதல் மாற்றத்தைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் புது எஞ்சினின் உராய்வில் வரும் உலோகத்தூள் முழுவதும் அந்த எண்ணெயில்தான் இருக்கும். ஒத்த விலையில் இரண்டு எஞ்சின்கள் இருந்தால் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை உள்ளதை எடுங்கள். வெறும் அலுமினியச் சுவர் நம் ஊர்த் தூசியில் சீக்கிரம் கீறல் விழும். காற்று வடிகட்டியை 25 மணிக்கு ஒருமுறை பார்ப்பதும் அதே தூசிக்காகத்தான். எண்ணெய் மாற்றவோ பிளேடைக் கழற்றவோ இயந்திரத்தைச் சாய்க்கும்போது முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் இறங்கிவிடும்.

பிளேடு ஒரு வேர்க்கட்டையில் மோதி நின்றது, அதற்குப் பிறகு எஞ்சின் பிடிக்கவில்லை, கயிற்றை இழுத்தால் கையைத் திருப்பி உதைக்கிறது: இந்தப் புகாருக்குப் பல பட்டறைகளில் கார்புரேட்டரைக் கழுவித் தருவார்கள். கோளாறு அங்கே இல்லை. எஞ்சின் தண்டோடு சுழலும் கனச் சக்கரமான ஃபிளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடக்கும் நொடியில்தான் பொறி பிறக்கிறது. ஃபிளைவீலைத் தண்டோடு சரியான கோணத்தில் பூட்டி வைப்பது கீ எனப்படும் சிறு மெல்லுலோகத் துண்டு. திடீர் மோதலில் தண்டு நின்றுவிட, கனமான ஃபிளைவீல் சுழலத் துடிக்க, கீ நசுங்கிச் சில பாகை நகர்ந்துவிடுகிறது. பொறி தவறான நேரத்தில் விழுகிறது. ஃபிளைவீலைக் கழற்றிக் கீயை மாற்றினால் சரியாகிவிடும், மலிவான பாகம்தான். ஆனால் அந்த மாடலுக்கு அது உள்ளூரில் கிடைக்க வேண்டும். பிராண்டின் புகழை மட்டும் நம்ப முடியாது. ஹோண்டாவே 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் புல்வெட்டித் தயாரிப்பை நிறுத்தியது. பிளேடு, கீ, ஸ்டார்ட்டர் கயிறு, கார்புரேட்டர் கேஸ்கெட் நான்கும் கடையில் கையிருப்பில் இருக்கின்றனவா என்று கேட்டு, எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்.

ஐந்து சென்ட்டுக்கு உட்பட்ட புல்தரைக்குப் பெட்ரோலே தேவையில்லை என்பது எங்கள் துணிபு. ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். 46 சென்டிமீட்டர் அகலத்தில், முந்தைய வரிசைமேல் ஏறும் 5 சென்டிமீட்டரைக் கழித்தால், மேலே சொன்ன நடையில் மணிக்குச் சுமார் 1,200 சதுர மீட்டர் வெட்டலாம். ஐந்து சென்ட் என்பது பத்து நிமிடம். திரும்புவதையும் பை காலி செய்வதையும் சேர்த்தால் இருபது.

பேட்டரி வகையில் வோல்ட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 40 வோல்ட் என்று அச்சிட்டதும் 36 வோல்ட் என்று அச்சிட்டதும் ஒரே பத்து செல் வரிசையாக இருக்கலாம்: முன்னது முழுச் சார்ஜின் உச்சம், பின்னது சராசரி. சராசரி வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144 வாட்-மணி; வெட்டும்போது மோட்டார் 600 வாட் இழுத்தால் 14 நிமிடம்தான் தாங்கும். மழைக்காலத்து அடர்புல்லில் அதுவும் இல்லை. லித்தியம் செல்லுக்கு வெப்பம் எதிரி. மே மாதத்தில் தகரக் கூரை ஷெட்டில் முழுச் சார்ஜோடு வைத்தால் கொள்ளளவு வேகமாகக் குறையும். பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள்.

ஒயர் வகைக்கு நம் ஊரில் ஒரு பெரிய வசதி: இண்டக்‌ஷன் மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கடை எந்த ஊரிலும் உண்டு. மோட்டார் சுற்றாமல் ஹம்மென்று முனகினால் உடனே சுவிட்சை அணைத்து, காயிலுக்கு முன் கெப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல நேரம் அது உப்பியிருக்கும். நீட்டிப்பு ஒயர் மெலிந்திருந்தால் மோட்டார் சாகும். 1,500 வாட் மோட்டார் 6.5 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் நீள 0.75 சதுர மி.மீ. ஒயரில் அது 10 வோல்ட் தின்றுவிடும், 1.5 சதுர மி.மீ. ஒயரில் பாதி. முறுக்குவிசை வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஏற்கெனவே 200 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் மாலை நேரத்து லைனில் இந்த இழப்பு கணிசமானது. மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக மட்டும் இணையுங்கள், மின்னோட்டம் மிஞ்சினால் துண்டிக்கும் எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஈரப்புல்லில் ஒயர் வகை வேண்டவே வேண்டாம்.

இரண்டு சென்ட்டுக்குள் கொரியன் புல்லோ அருகம்புல்லோ வைத்திருப்பவர்களுக்குக் கையால் தள்ளும் உருளை வகையே நிறைவானது. வாரம் தவறாமல் வெட்டுகிறவர்களுக்கு மட்டும். புல் ஒருமுறை உயர்ந்துவிட்டால் உருளை அதைச் சாய்த்துவிட்டு மேலே ஏறிப் போகும். பட்டைக் கத்தியைச் சரிசெய்ய ஒரு துண்டு செய்தித்தாளை இடையில் கொடுத்து கத்தியில் விரல் படாமல் உருளையை மெல்லத் திருப்புங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாள் அறுபட வேண்டும். எந்த வகையானாலும் ஒரே முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

கைப்பிடியில் உள்ள கம்பியை விட்டதும் பிளேடு நிற்கிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். அமெரிக்காவில் 1982 முதல் 3 நொடிக்குள் நிற்க வேண்டும் என்பது சட்டம். இங்கே விற்கும் பல மின்சார மாடல்களில் வெறும் சுவிட்ச்தான். அணைத்த பிறகும் பிளேடு கணிசமான நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய பெட்ரோல் இயந்திரம் வாங்குவதானால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சாய்த்து வையுங்கள். கூட்டின் விளிம்பில் ஒரு பென்சிலை ஒட்டி, அதன் நுனி பிளேடின் ஒரு முனையை உரசும்படி வைத்து, தடித்த கையுறையோடு பிளேடை அரைச்சுற்று திருப்புங்கள். மறுமுனை அதே உயரத்தில் வராவிட்டால் பிளேடைக் கழற்றி, இரு முனைகளும் இடம் மாறும்படி மாட்டித் திரும்பப் பாருங்கள். உயர வித்தியாசம் பிளேடோடு இடம் மாறினால் வளைந்தது பிளேடு. புதிது போட்டால் தீர்ந்தது. பிளேடை மாற்றியும் தண்டின் அதே பக்கத்திலேயே இருந்தால் வளைந்தது தண்டு. அந்த இயந்திரத்தை எந்த விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.