பின்சக்கரத்துக் கம்பி ஏன் திரும்பத் திரும்ப உடைகிறது?

"அண்ணே, ஒரே ஒரு கம்பி உடைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவர்களில் பலர் அடுத்த மாதமே மறுபடி வந்து நிற்பார்கள். இந்த முறை பக்கத்துக் கம்பி போயிருக்கும். கம்பி மட்டமான சரக்கு, ரோடு குண்டும் குழியும் என்று காரணம் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டுதான், ஆனால் சக்கரம் கோப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தினமும் வேலைக்கு ஓட்டும் சைக்கிளில் ஸ்போக்ஸ் கம்பி உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், அது போதுமான அளவு முறுக்கப்படாமல் தளர்வாக இருந்ததுதான்.

சக்கரம் சுற்றும்போது தரைப் பக்கம் வரும் கம்பிகளில் இழுவிசை குறைகிறது, அவை மேலே போனதும் பழையபடி ஏறுகிறது. 700சி என்ற அளவுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 450 தடவைக்கு மேல் சுற்றும், அத்தனை தடவையும் ஒவ்வொரு கம்பிக்கும் இது நடக்கும். நன்றாக முறுக்கிய கம்பி, கீழே வரும்போதும் விறைப்பாகவே இருக்கும். தளர்ந்த கம்பியோ முழுக்கத் தொய்ந்து, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் துளைக்குள் அசைந்து, மறுபடி வெடுக்கென்று இழுபடும். கட்டுக்கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் மடக்கினால் கடைசியில் ஒடிகிற மாதிரி, இதுவும் ஹப்பில் மாட்டுகிற அந்தக் கொக்கி வளைவில் ஒருநாள் ஒடிந்துவிடும். உடைந்த கம்பியை எடுத்துப் பாருங்கள், நடுவில் அறுந்திருப்பது அபூர்வம்.

பக்கத்துக் கம்பிகளும் அதே சித்திரவதையைத்தான் அனுபவித்திருக்கின்றன, போதாததற்கு ஒன்று உடைந்ததும் அதன் சுமையும் அவற்றின் தலையில் விழுகிறது. ஆகவே ஒரே சக்கரத்தில் மூன்றாவது கம்பியும் உடைந்துவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் அதே ரிம், அதே ஹப்பில் எல்லாக் கம்பியையும் புதிதாகப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் நடு ரோட்டில் சக்கரம் கோணி பிரேக் கட்டையில் உரசி நிற்கிற தொல்லை இருக்காது.

புது சைக்கிளில் என்ன நடக்கிறது என்றால், சக்கரம் மெஷினில் கோத்து வருகிறது, நேராகச் சுற்றுகிறது, பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் விலை குறைந்த வண்டிகளில் கம்பி முறுக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், சில வாரம் ஓட்டியதும் கம்பிகள் தங்கள் இடத்தில் படிந்து இன்னும் தளரும். அந்தச் சமயத்தில் ஒரு தடவை கடைக்குக் கொண்டுபோய் முறுக்கு ஏற்றிக் கோட்டம் எடுத்துவிட்டால் சக்கரத்தின் ஆயுளே வேறு. வீட்டிலேயே சோதிக்கலாம்: அடுத்தடுத்த இரண்டு கம்பிகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்குங்கள், அப்படியே சுற்றி வாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி மட்டும் தொளதொளவென்று அமுங்கினால் அங்கேதான் வியாதி. கியர் வண்டியில் பின்சக்கரத்தின் செயின் பக்கம் இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் இருப்பது இயல்பு, ஆகவே இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டாம்.

சரி, புதுச் சக்கரம் வாங்கும்போது எதைப் பார்ப்பது? காசு செலவழிப்பதாக இருந்தால் பின்சக்கரத்தில் செலவழியுங்கள், சுமையில் ஏறக்குறைய 60 சதவீதம் அதன் மேல்தான். பழைய பெரிய சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி வைத்ததற்கும் அதுவே காரணம். இன்றைய வண்டிக்கு 32 போதும். கேரியரில் பிள்ளையை உட்காரவைத்தோ அரிசி மூட்டை ஏற்றியோ ஓட்டுகிறவர்கள் பின்னால் 36 கேளுங்கள். ரேஸ் வண்டிக்கான 20, 24 கம்பிச் சக்கரம் நம் வேகத்தடைகளுக்கு வேண்டாம். ரிம் இரட்டைச் சுவர், அதாவது உள்ளே இரண்டு அடுக்கு, உள்ளதாக இருக்கட்டும், பள்ளத்தில் விழுந்தாலும் ஒற்றைச் சுவர் ரிம் அளவுக்குச் சீக்கிரம் நெளியாது. மழைக்காலத்திலும் ஓட்டுவீர்கள் என்றால் அலுமினிய ரிம்தான், நனைந்த குரோம் பூசிய இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், ஏனென்றால் இது உயிர் சமாச்சாரம். கம்பிக்குப் பதிலாக மூன்று, ஆறு கைகள் வைத்த வார்ப்புச் சக்கரத்தைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். கனம் அதிகம், கோணினாலோ கீறல் விட்டாலோ கம்பிச் சக்கரம் மாதிரி சரிசெய்யவும் முடியாது.

திருவொற்றியூர், ராயபுரம் போல உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் இருப்பவர்கள் எவர்சில்வர் கம்பி கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கம்பியில் துரு ஏறினால், கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்து முறுக்குகிற நிப்பிள் என்ற சின்னத் திருகு அப்படியே பிடித்துக்கொள்ளும், அப்புறம் கோட்டம் எடுக்கச் சாவியைப் போட்டால் நிப்பிள் மழுங்குமே தவிர சுற்றாது.

டயர் வாங்கும்போது வெறுமனே 26 அல்லது 28 என்று கேட்டால் குழப்பம்தான். 26 இஞ்சு என்ற பெயரில் 559 மில்லிமீட்டர் ரிம்மும் உண்டு, 590-ம் உண்டு, 28 என்றால் 622-ம் உண்டு, 635-ம் உண்டு. ஒன்றின் டயர் இன்னொன்றில் உட்காராது. பழைய டயரின் பக்கவாட்டில் 37-622 (டயர் அகலம் 37, ரிம் 622 மில்லிமீட்டர்) என்பது போல ஓர் எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தமும் அங்கேயே அச்சிட்டிருக்கும், குறைந்த காற்றோடு பள்ளத்தில் இறங்கினால் டியூப் மட்டுமல்ல, ரிம் விளிம்பும் அடிவாங்கும்.

ரிம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியில், மழை முடிந்ததும் பிரேக் கட்டையில் ஒட்டியிருக்கும் மணலைத் துடைத்துவிடுங்கள், அந்த மணல்தான் அலுமினியத்தை அரிக்கிறது. ரிம்மின் பக்கச் சுவரில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். நடுவில் குழிவாகத் தட்டுப்பட்டால் ரிம் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். நிப்பிள் துளையைச் சுற்றிக் கீறல் தெரிந்தால் அந்தச் சக்கரத்தில் கடைக்குக்கூட ஓட்டி வர வேண்டாம், உருட்டிக்கொண்டே வாருங்கள்.