ஆட்டோகிராப்: கையெழுத்தா, கையொப்பமா?

1983 மே மாதம் அமெரிக்காவில் ஒரு ரசிகருக்கு ஆப்பிள் நிறுவனத் தாளில் ஒரு கடிதம் வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸிடம் ஆட்டோகிராப் கேட்டு எழுதியவர் அவர். நீங்கள் எழுதியதைப் பெருமையாக நினைக்கிறேன், ஆனால் நான் ஆட்டோகிராப் போடுவதில்லை என்று தட்டச்சில் பதில். கீழே, பெரிய எழுத்தே இல்லாமல், சின்ன எழுத்துகளில் ஜாப்ஸின் கையொப்பம். 2021-இல் அந்தத் தாள் ஏலத்தில் 4,79,939 டாலருக்குப் போனது.

போடமாட்டேன் என்று சொன்ன கடிதத்திலேயே போட்டுவிட்டாரே என்றுதான் எல்லோரும் வியந்தார்கள். எனக்கு அதைவிட ‘ஆட்டோகிராப்’ என்ற சொல்லின் மேல்தான் ஆர்வம். அந்தத் தாளில் ஜாப்ஸ் தன் கையால் எழுதியது பெயர் மட்டும்தான். மற்றதெல்லாம் தட்டச்சு. அப்படியென்றால் அது ஆட்டோகிராப் கடிதமா?

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஆட்டோஸ்’ என்றால் தான், தானே. நம் தெருவில் ஓடும் ஆட்டோவின் பெயரிலும் இருப்பது இதே சொல்தான், தானே இயங்குவது. ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல். ஆக, ஆட்டோகிராப் என்பதன் முதல் பொருள் ‘ஒருவர் தன் கைப்பட எழுதியது’. பெயரை மட்டும் கிறுக்கித் தருவது பின்னால் வந்து சேர்ந்த பொருள். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் மாணவர்கள் ஒரு சிறு ஏட்டை வைத்துக்கொண்டு ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் நாலு வரி எழுதி வாங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி நாளில் நாம் நீட்டிய ஆட்டோகிராப் நோட்டு அந்த ஏட்டின் பேத்தி. அதில் யாரும் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவில்லை. பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

கடிதம் சேகரிப்பவர்கள் இந்தப் பழைய பொருளை இன்றும் விடவில்லை. அவர்களுடைய பட்டியல்களில் ஏ.எல்.எஸ். (ஆட்டோகிராப் லெட்டர் சைன்டு) என்று இருந்தால் முழுக் கடிதத்தையும் அவரே எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறார் என்று பொருள். எல்.எஸ். என்றால் எழுதியது வேறொருவர், கையொப்பம் மட்டும் அவருடையது. டி.எல்.எஸ். என்றால் தட்டச்சுக் கடிதம், கீழே கையொப்பம். ஜாப்ஸின் கடிதம் இந்த மூன்றாம் வகை. பொதுவாக முதல் வகைக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் ஜாப்ஸ் 1973-இல் தன் கைப்பட நிரப்பிய வேலை விண்ணப்பம் 2018-இல் 1,74,757 டாலருக்குத்தான் போனது. எழுதிய கை மட்டுமல்ல, என்ன எழுதியிருக்கிறது என்பதும் விலையை முடிவு செய்கிறது.

தொழில் நிறுவனர்களின் கடிதங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிவிடும். காரணம், அவர்களுக்குச் செயலாளர்கள் இருந்தார்கள். ஆண்ட்ரூ கார்னகி 1901-இல் தன் எஃகு நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். நூலகம் கேட்டு எழுதிய ஊர்களுக்குப் பதில் எழுதியவர் அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம். அதனால் ‘கார்னகி நூலகக் கடிதம்’ என்று ஒன்று கிடைத்தால் முதலில் கீழே யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். ராக்பெல்லர் தன் ஸ்டாண்டர்டு ஆயில் எண்ணெய் நிறுவனத்தின் தலைவராகக் கையொப்பமிட்ட பழைய பங்குப் பத்திரங்களையும் தேடி வாங்குகிறார்கள். அச்சடித்த படிவத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஆல்ஃபிரட் நோபல் இதற்கு நேர் எதிர். டைனமைட்டில் சேர்த்த செல்வத்தைப் பரிசுகளுக்கு எழுதிவைத்த அவருடைய கடைசி உயிலை, வக்கீல் யாரையும் வைத்துக்கொள்ளாமல், ஸ்வீடிஷ் மொழியில் தன் கைப்பட எழுதினார். 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில், நான்கு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பம் இட்டார். ஆட்டோகிராப் என்ற சொல்லுக்கு அதன் முதல் பொருளில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இயந்திரக் கையொப்பம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் கையொப்பத்தை மாதிரியாக வைத்து, நிஜப் பேனாவாலேயே இயந்திரம் எழுதித் தள்ளும். மையும் நிஜம், தாளும் நிஜம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். கையால் எழுதும்போது அழுத்தம் ஏறி இறங்கும். கோடு ஓரிடத்தில் தடித்து, வேகமாகத் திரும்பும் இடத்தில் மெலிந்து, கடைசியில் வால்போல் தேய்ந்து முடியும். இயந்திரம் போட்ட கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பாக இருக்கும். பேனா இறங்கிய இடத்திலும் எழுந்த இடத்திலும் குட்டியாக ஒரு மைப்புள்ளி நிற்கும். இரண்டு கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கையொப்பங்கள் இம்மி பிசகாமல் பொருந்தும். எந்த மனிதனும் தன் பெயரை இரண்டு தடவை அப்படி எழுதமாட்டான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கையெழுத்து’ என்று சொன்னால் எழுதும் பாங்கையும் குறிக்கும், பெயரிடுவதையும் குறிக்கும். ‘கையொப்பம்’ பெயரிடுவதை மட்டும் குறிக்கும். இலங்கையில் ‘கைச்சாத்து’ என்பார்கள். ஒப்பந்தம் கைச்சாத்தானது என்று அங்கே நாளிதழ்கள் எழுதும். ‘தற்குறி’ என்ற சொல்லையும் பாருங்கள். தன் குறி. எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் கையொப்பத்துக்குப் பதிலாக இட்ட கீறல் அது. பின்னால் அது அவரையே குறிக்கும் சொல்லாகி, வசவாகவும் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஆட்டோகிராப் போலவே பிறந்த சொல்லுக்கு இப்படி நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

தன் கைப்பட எழுதியதற்கும் நம்மிடம் பழைய வழக்கு இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் சாட்சியிட்டவர் ‘இவை இன்னார் எழுத்து’ என்று முடிப்பார். பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த கிழவர், சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்தது என்று காட்டும் அடிமை ஓலையும் ‘இதற்கு இவை என் எழுத்து’ என்றே முடிகிறது. சுந்தரர் கிழித்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளியே வருகிறது. அவையோர் உடனே நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, இரண்டையும் ஒப்பு நோக்கிய பிறகே முடிவு சொல்கிறார்கள். இன்றைக்கு ஏல நிறுவனங்களின் வல்லுநர்கள் செய்வதும் இதையேதான். கையொப்பத்தில் உள்ள ‘ஒப்பு’ என்பதற்கு உடன்படுதல், ஒத்திருத்தல் என இரண்டு பொருளும் உண்டு. அந்த அவையில் இரண்டுமே நடந்தன.

ஆகவே என் பரிந்துரை இது. நடிகரிடமோ கிரிக்கெட் வீரரிடமோ வாங்குவது ‘கையொப்பம்’; பேச்சில் ‘கையெழுத்து வாங்கினேன்’ என்றாலும் தப்பில்லை. ஏ.எல்.எஸ். என்பதற்குத் ‘தன்கையெழுத்துக் கடிதம்’. எல்.எஸ்., டி.எல்.எஸ். இரண்டுக்கும் ‘கையொப்பக் கடிதம்’; தட்டச்சா, பிறர் எழுதியதா என்பதைப் பக்கத்தில் சொல்லிவிடலாம். இயந்திரம் போட்டதற்குப் ‘பொறியொப்பம்’. ஜாப்ஸின் அந்தத் தாளைத் தமிழில் பட்டியலிடுவதானால் நான் இப்படி எழுதுவேன்: கையொப்பக் கடிதம், தட்டச்சு, ஆப்பிள் நிறுவனத் தாள், 1983 மே.