சப்மாட்யூல்: துணைத்தொகுதி அல்ல, உட்களஞ்சியம்

நிரல்களின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டைச் சொல்லித்தரும் தமிழ்க் குறிப்பு ஒன்றில், சப்மாட்யூலுக்குப் பதிலாக எழுதப்படும் ‘துணைத்தொகுதி’யை நேற்று மறுபடியும் பார்த்தேன். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேர் எளிது. ‘சப்’ இலத்தீனில் கீழே. ‘மாட்யூல்’ அதே மொழியின் மோடுலுஸ், அதாவது சிறு அளவு. ஆனால் கிட்டில் அது குறிப்பது ஒரு திட்டத்தின் கோப்புறைக்குள் குடியிருக்கும் இன்னொரு முழுத் திட்டத்தை. அது எங்கே அமரவேண்டும், எந்த முகவரியிலிருந்து வரவேண்டும் என்பதை ‘.கிட்மாட்யூல்ஸ்’ கோப்பில் எழுதுகிறோம். வெளித்திட்டம் அதன் கோப்புகளைத் தன் வரலாற்றில் சேர்ப்பதில்லை. எந்தக் கமிட் (வரலாற்றில் பதிந்த ஒரு நிலை) வேண்டும் என்ற அடையாளத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒரே வளவுக்குள் தனி அடுப்பு வைத்த குடித்தனம் மாதிரி.

இதில் துணை எங்கே வந்தது? துணைவேந்தர், துணை ஆட்சியர், துணைப்பாடம் என்று கேட்டுப் பழகிய காதுக்குத் துணை என்றால் உதவிக்கு நிற்பது, இரண்டாம்பட்சமானது. என்னிடம் கற்ற ஒரு பெண், “துணைதானே, அப்புறம் பார்க்கலாம்” என்று விட்டுவிட்டாள். குளோன் செய்த, அதாவது தன் கணினிக்கு நகலெடுத்த திட்டத்தில் அந்தக் கோப்புறை காலியாகக் கிடந்தது. பில்ட், அதாவது நிரலை இயங்கும் வடிவாக்கும் வேலை, பாதியில் நின்றது. ‘சப்மாட்யூல் அப்டேட்’ கட்டளையை ‘இனிட்’ சேர்த்துக் கொடுத்த பிறகுதான் உள்ளே கோப்புகள் வந்தன. அவள்மேல் தவறில்லை, சொல் அப்படி நினைக்க வைத்தது.

‘தொகுதி’யும் சரியில்லை. பைத்தான் நிரல்மொழியின் மாட்யூலையும் தொகுதி என்றே எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் ஒரே ஒரு கோப்பு. இதுவோ தனி வரலாறுள்ள முழு ரெப்பாசிட்டரி, அதாவது ஒரு திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் சேர்ந்திருக்கும் இடம். கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்குரியலில் இதே ஏற்பாட்டுக்கு ‘சப்ரெப்பாசிட்டரி’ என்றே பெயர். ஆங்கிலத்திலேயே அதுதான் நேர்மையான பெயர். ‘சப்’ கண்ணில் பட்டவுடன் ‘துணை’யை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள், பொருள் என்ன என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பதில்லை.

ரெப்பாசிட்டரிக்குக் களஞ்சியம் ஏற்கெனவே பழகிவிட்டது. அதனால் உட்களஞ்சியம். நிலத்தை உட்பிரிவு செய்தால் இருப்பது அதே புல எண்ணுக்குள்தான், ஆனால் தனி எண்ணும் தனிப் பட்டாவும் கிடைக்கும். ‘உள்’ இடத்தைச் சொல்கிறது, தகுதியைக் குறைப்பதில்லை.

நீளமாகத் தோன்றினால் சப்மாட்யூல் என்றே எழுதுங்கள். கட்டளையில் எப்படியும் அதைத்தான் தட்டப்போகிறோம். துணைத்தொகுதி மட்டும் வேண்டாம்.