கான்சர்ட் இரவுக்கு ஹோட்டல்: ரிவார்டு பாயிண்டும் மெம்பர்ஷிப்பும் எங்கே கைகொடுக்கும்?

கோல்ட்ப்ளே குழு அகமதாபாத்தில் பாடப்போகிறது என்ற அறிவிப்பு 2024 நவம்பரில் வந்தது. நிகழ்ச்சி 2025 ஜனவரி 25, 26 ஆகிய நாட்களில். சனி, ஞாயிறு. அதிலும் ஞாயிறு குடியரசு தினம். இடம், 1,32,000 பேர் உட்காரக்கூடிய நரேந்திர மோடி ஸ்டேடியம். டிக்கெட் உறுதியான பிறகு நிதானமாக ஹோட்டல் தேடியவர்களுக்கு அந்த இரண்டு இரவுகளுக்கு ரூமே கிடைக்கவில்லை, அல்லது வழக்கமான வாடகையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். டிராவல் ஏஜென்சி நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது வந்த போன்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு வந்தன: "கார்டுல பாயிண்ட் நெறைய கெடக்கு சார், அத வெச்சு ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும். ஆனால் அந்தக் கேள்வி வரவேண்டிய நேரம் டிக்கெட் வாங்குவதற்கு முன்பு. பாயிண்டைச் சேர்ப்பதில் நம் மக்கள் கெட்டிக்காரர்கள். எந்த இரவில் செலவழிப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை இரவுக்குப் பாயிண்டைக் கொடுத்துவிட்டு, கான்சர்ட் இரவுக்குக் கையிலிருந்து ரொக்கம் கொடுக்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் நடைமுறை. வாடகை ஏறும்போது வரி விகிதமும் சேர்ந்து ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எடுத்துக்காட்டாக, சாதாரண நாளில் 7,000 ரூபாய் வாங்கும் ரூம் ஒன்று. வரியோடு 7,350. அதே ரூமைக் கான்சர்ட் இரவில் 22,000 ரூபாய்க்குக் கொடுத்தால், வரியோடு 25,960. வாடகை மூன்று மடங்கு, பில் மூன்றரை மடங்கு. அந்த ரூமுக்குச் சாதாரண நாளில் 12,000 பாயிண்டும் கான்சர்ட் நாளில் 30,000 பாயிண்டும் கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதல் இரவில் ஒரு பாயிண்ட் நமக்கு 61 பைசா மிச்சப்படுத்துகிறது. இரண்டாவதில் சுமார் 87 பைசா. கேட்கும் பாயிண்ட் அதிகமானாலும், ஒவ்வொரு பாயிண்டும் அந்த இரவில்தான் அதிகம் உழைக்கிறது.

ஆனால் எல்லாப் பாயிண்டும் இப்படி உழைக்காது. அக்கார் ஹோட்டல் குழுமத்தின் திட்டத்தில் 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ கழிவு. எந்த இரவானாலும் அதே மதிப்புதான். டாடா நிறுவனத்தின் நியூகாயினும் அப்படியே, ஒரு காயின் ஒரு ரூபாய். இவற்றைக் கான்சர்ட் இரவுக்கென்று பத்திரப்படுத்தி வைப்பதில் தனி லாபம் எதுவும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மேரியட் குழுமம், எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்று சொல்லும் தன் பழைய அட்டவணையை 2022-இல் எடுத்துவிட்டது. அங்கே வாடகையோடு பாயிண்டும் ஏறி இறங்குகிறது, ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. அந்த இடைவெளியில்தான் நமக்கு லாபம். ஹயாத் இன்னும் அட்டவணை வைத்திருக்கிறது. உச்ச நாளுக்கு அதிகம் கேட்பார்கள், இருந்தாலும் அட்டவணையில் உள்ளதைத் தாண்டமாட்டார்கள். இந்தியாவில் ஹயாத் ஹோட்டல்கள் பலவும் அந்த அட்டவணையின் கீழ்ப் படிகளில் இருப்பதால், நெரிசலான இரவுகளில் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

பார்க்கிறேன் என்றால், ரூம் இருந்தால்தானே. பாயிண்டுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஹோட்டலின் அடிப்படை வகை ரூம். அந்த வகை தீர்ந்துவிட்டது என்றால், பெரிய ரூம்கள் பணத்துக்கு விற்பனையில் இருந்தாலும் பாயிண்டுக்கு வராது, அல்லது பாயிண்ட் தாறுமாறாக ஏறியிருக்கும். நிகழ்ச்சி அறிவித்தவுடன் சில ஹோட்டல்கள் 'குறைந்தது இரண்டு இரவு' என்ற நிபந்தனையையும் போட்டுவிடுகின்றன. அதனால்தான் என் வாடிக்கையாளர்களிடம், தேதி அறிவித்த அன்றே, டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே, கேன்சல் செய்யக்கூடிய ரூமைப் போட்டு வைக்கச் சொல்கிறேன். டிக்கெட் கிடைக்கவில்லையா, கேன்சல் செய்துவிடுங்கள். கெடு தேதிக்குள் செய்தால் பாயிண்ட் முழுதாகக் கணக்குக்குத் திரும்பிவிடும். அப்படிக் கேன்சல் செய்வதையும் கடைசி நாள் வரை இழுக்காமல் உடனே செய்யுங்கள். டிக்கெட் கிடைத்தும் ரூம் கிடைக்காமல் ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது, தங்கும் நாட்களைப் பிரிப்பது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவு தங்குகிறீர்கள், கான்சர்ட் சனிக்கிழமை. மூன்றையும் ஒரே புக்கிங்காகப் போட்டால் விலை கலந்து வரும், எந்த இரவு எவ்வளவு என்பது கண்ணில் படாது. ஒவ்வோர் இரவாகத் தனித்தனியே தேடிப் பாருங்கள். விலை உச்சியில் நிற்கும் சனி இரவுக்குப் பாயிண்ட். விலை இறங்கியிருக்கும் ஞாயிறு இரவுக்குப் பணம். இலவச இரவுச் சான்று ஏதாவது கையில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு அது. எச்டிஎஃப்சி வங்கியும் மேரியட்டும் சேர்ந்து 2023-இல் கொண்டுவந்த கார்டில் ஆண்டுக்கு ஒரு சான்று வருகிறது, 15,000 பாயிண்ட் வரை மதிப்புள்ள இரவுக்கு. கான்சர்ட் இரவு அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் முந்தைய இரவிலோ பக்கத்து ஊரிலோ அது சரியாகப் பொருந்தும். மூன்று இரவுக்கும் மூன்று புக்கிங் எண் இருந்தால், போவதற்கு இரண்டு நாள் முன்பு ஹோட்டலுக்கே போன் செய்து மூன்றையும் இணைக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தினமும் பெட்டியைக் கட்டி ரூம் மாறவேண்டி வரலாம்.

மேரியட்டில் ஐந்து இரவு பாயிண்டில் எடுத்தால் ஓர் இரவு இலவசம் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஐந்தில் மிகக் குறைந்த பாயிண்ட் உள்ள இரவைத்தான் கழிப்பார்கள், கான்சர்ட் இரவை அல்ல. எப்படியும் ஐந்து நாள் தங்குபவர்களுக்கு நல்லது. இதற்காகவே நாட்களை நீட்டுவது வீண்.

கார்டு பாயிண்டை ஹோட்டல் பாயிண்டாக மாற்றுவதில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். மாற்றியதைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுபோக முடியாது. சில கார்டுகளில் உடனே போய்ச் சேரும், சிலவற்றில் நாட்கள் ஆகும். அதற்குள் ரூம் போய்விட்டால் பாயிண்ட் அந்த ஹோட்டல் கணக்கிலேயே கிடக்கும். ஆகவே முதலில் ரூம் இருக்கிறதா என்று பாருங்கள், கேன்சல் செய்யக்கூடிய பண புக்கிங் ஒன்றைப் பாதுகாப்புக்குப் போடுங்கள், பிறகு மாற்றுங்கள். பாயிண்ட் வந்து சேர்ந்ததும் ரூமைப் பாயிண்டில் எடுத்துக்கொண்டு பண புக்கிங்கை விடுவியுங்கள். அதற்காக வருஷக்கணக்கில் வங்கிக் கணக்கிலேயே பாயிண்டைப் பூட்டி வைப்பதும் சரியல்ல. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயிண்டுக்கு 4 என்றிருந்த மாற்று விகிதம், 2023 செப்டம்பர் முதல் 5-க்கு 2 ஆனது. சேர்த்து வைத்த பாயிண்டின் மதிப்பு பாதியாகிவிட்டது. வங்கி தன் விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

சரி, மெம்பர்ஷிப். பெரும்பாலானோர் எதிர்பார்ப்பது பெரிய ரூம். ஹோட்டல் முழுதும் நிரம்பிய இரவில் அது நடப்பது அரிது, அதை நம்பிப் போகாதீர்கள். கான்சர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு உண்மையில் பயன்படுவது மறுநாள் காலைதான். நிகழ்ச்சி முடிந்து, ஒரு லட்சம் பேரோடு வெளியே வந்து, வண்டி பிடித்து ரூமுக்குப் போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். பதினோரு மணிக்கு செக்-அவுட் என்றால் யாருக்கும் கஷ்டம். மேரியட்டில் கோல்டு தகுதிக்கு ரூம் காலியாக இருப்பதைப் பொறுத்து மதியம் 2 மணி வரை இருக்கலாம். பிளாட்டினத்துக்கு, ரிசார்ட் போன்ற சில வகைகளைத் தவிர, மாலை 4 மணி வரை. கோல்டு தகுதி பெற ஆண்டுக்கு 25 இரவுகள் தங்கியிருக்க வேண்டும், பிளாட்டினத்துக்கு 50. வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுபவர்கள் இந்தத் தகுதி தங்களிடம் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அவர்கள் பெயரில் புக்கிங் போட்டு அவர்களும் உடன் வந்து தங்கினால் அந்த வசதி கிடைக்கும். அண்ணன் கணக்கில் ரூம் எடுத்துத் தம்பி மட்டும் போனால் ரிசப்ஷனில் தருவது சந்தேகம். அப்படிப் போவதானால் தங்கப்போகிறவரின் பெயரைப் புக்கிங்கில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெயர் வேறு, புக்கிங்கில் இருக்கும் பெயர் வேறு என்றால் செக்-இன்னிலேயே தகராறு.

இன்னொன்றும் உண்டு. மேக்மைடிரிப், புக்கிங்.காம் போன்ற தளங்கள் வழியாக எடுத்த ரூமுக்கு ஹோட்டல் குழுமத்தின் பாயிண்டும் வராது, தகுதிக்கான சலுகைகளும் பொதுவாகக் கிடைக்காது. அந்தத் தளங்களுக்கென்று தனிப் படிகள் இருக்கின்றன. புக்கிங்.காமின் ஜீனியஸ் திட்டத்தில் முதல் படிக்கே 10 சதவீதக் கழிவு, ஆனால் திட்டத்தில் சேர்ந்த ஹோட்டல்களில் மட்டும். குழுமம் எதிலும் சேராத உள்ளூர் ஹோட்டலில் தங்குவதானால் அந்த வழி நல்லது. குழும ஹோட்டல் என்றால் நேரடியாக அவர்கள் தளத்திலேயே எடுங்கள். பணம் கட்டிச் சேரும் சாப்பாட்டு மெம்பர்ஷிப்களில் வரும் ரூம் கழிவும், இலவச இரவு வவுச்சரும் நெரிசல் நாட்களுக்குச் செல்லாது என்று விதிகளில் இருக்கலாம். அந்தத் தேதியைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். அகமதாபாத் மெட்ரோ 2024 செப்டம்பரில், ஸ்டேடியம் இருக்கும் மோட்டேராவிலிருந்து காந்திநகர் பக்கம் நீண்டது. ஸ்டேடியத்தின் வாசலிலேயே நிலையம். கான்சர்ட் நாட்களில் இரவு சேவையையும் நீட்டித்தார்கள். மெட்ரோ பாதையை ஒட்டித் தங்கியவர்களுக்கு ஊருக்குள் வண்டி தேடி அலையும் வேலை இல்லை. பாயிண்டில் பார்க்கும்போது ஸ்டேடியத்தைச் சுற்றி மட்டும் தேடாமல், மெட்ரோ பாதை போகும் திசையில் தேடினால் அதே பாயிண்டுக்கு நல்ல ஹோட்டல் கிடைக்கும்.

நிகழ்ச்சியே நின்றுபோனால்? 2023 ஆகஸ்ட் 12-இல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கவிருந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி மழையால் அன்றே தள்ளிப்போய், செப்டம்பர் 10-இல் நடந்தது. 2024 ஆகஸ்டில் வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் மூன்று நிகழ்ச்சிகளும் பயங்கரவாத மிரட்டலால் முதல் நாளுக்கு முந்தைய நாள் ரத்தாயின. டிக்கெட் பணம் திரும்பி வரும். ஹோட்டல் பணம் அப்படி வராது. இலவச கேன்சல் என்று போட்டிருந்தாலும் கெடு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் முன்பே முடிந்துவிடுகிறது, நெரிசல் நாட்களுக்கு இன்னும் முன்பே. எனவே புக்கிங் உறுதிக் கடிதத்தில் அந்தத் தேதியையும் நேரத்தையும் தேடிப் படியுங்கள். பாயிண்டில் எடுத்த ரூமுக்கும் கெடு உண்டு. ரொக்கத்தில் 'ரிஃபண்ட் இல்லை' என்ற மலிவு விலையை மட்டும் கான்சர்ட்டுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் மிச்சமாகும் தொகைக்காக முழு வாடகையையும் பணயம் வைக்கிறோம்.

டெலிகிராம் குழுக்களில் ஹோட்டல் பாயிண்டை விற்பவர்கள், 'பிளாட்டினம் தகுதி வாங்கித் தருகிறேன்' என்பவர்கள் இருக்கிறார்கள். பாயிண்டை ஆளுக்கு ஆள் விற்பது எல்லாப் பெரிய திட்டங்களிலும் விதிமீறல். கணக்கை முடக்கினால் அதிலிருந்து எடுத்த புக்கிங்கும் போகும், அதுவும் நீங்கள் பயணத்தில் இருக்கும்போது. பாயிண்ட் போதவில்லை என்றால் அந்தக் குழுமமே விற்கிறது, தள்ளுபடிக் காலங்களும் உண்டு. மேலே போட்டதுபோல் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பாயிண்டுக்காகக் கார்டு எடுத்து, பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதத்துக்கு மேல் வட்டி. எந்த ஹோட்டல் ரூமும் அந்த வட்டியை ஈடுகட்டாது.

கடைசியாக, எங்களுக்கு அதிகம் வரும் புகார். விலை ஏறுவதற்கு முன் குறைந்த வாடகையில் போட்ட புக்கிங்கை ஹோட்டல் ஏதோ காரணம் சொல்லிக் கேன்சல் செய்வது, அல்லது செக்-இன் நேரத்தில் ரூம் இல்லை என்பது. இங்கேதான் மெம்பர் தகுதிக்கு மதிப்பு. மேரியட்டில் சில்வர் தகுதியிலிருந்தே, உறுதியான புக்கிங்குக்கு ரூம் தராவிட்டால் அன்றிரவு தங்க மாற்று ஏற்பாடும், பிராண்டைப் பொறுத்து இழப்பீடும் உண்டு. முன்பு சொன்ன எச்டிஎஃப்சி-மேரியட் கார்டோடு சில்வர் தகுதி வருகிறது. நேரடியாக எடுத்த புக்கிங்காக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கேன்சல் என்று ஹோட்டல் போனில் சொன்னால், 'கேன்சல் செய்வது நீங்கள்தான் என்று மெயிலில் எழுதுங்கள்' என்று கேளுங்கள். நீங்களே கேன்சல் பட்டனை அழுத்திவிட்டால் உங்கள் விருப்பத்தில் செய்ததாகப் பதிவாகிவிடும். புக்கிங் கடிதம், பணம் கட்டிய ரசீது, அன்றைய தேதியில் அதே ஹோட்டல் கேட்கும் விலையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு குழுமத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். அங்கே பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.