டிஸ்பர்ஷன்: சிதறலா, விரவலா?

எதிர்வீட்டுப் பெண் மதுரையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். போன வாரம் மூடி இறுக்கிய சின்னக் குப்பி ஒன்றோடு வந்தாள். உள்ளே கெட்டிப் பால் மாதிரி ஏதோ இருந்தது. லேபிளில் ‘துத்தநாக ஆக்சைடு நானோ டிஸ்பர்ஷன், நீரில் 20 சதவீதம்’. அதாவது, துகள்கள் கரையாமல் நீரெங்கும் பரவி நிற்பது.

“மாமா, செமினாரைத் தமிழ்ல நடத்தணும். இதை ‘நானோ நுண்துகள் சிதறல்’னு எழுதியிருக்கேன், சரியா?”

பாதி சரி. நானோ என்பது ‘குள்ளன்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1960இல் அளவை முன்னொட்டாகச் சேர்ந்தது. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நுண் என்பதையோ நாம் ஏற்கெனவே மைக்ரோவுக்குக் கொடுத்துவிட்டோம்: நுண்ணோக்கி, நுண்ணுயிர். காற்று மாசுக் கணக்கில் வரும் 2.5 மைக்ரான் நுண்துகளே 2,500 நானோமீட்டர். குப்பியில் இருப்பது நூறுக்குள். ‘நானோ நுண்’ என்பது ‘நடு சென்டர்’ மாதிரிதான். மீநுண்துகள் என்று சிலர் எழுதுகிறார்கள், நல்ல சொல். நானோதுகள் என்றாலும் எனக்குச் சண்டையில்லை, நாக்குக்குப் பழகிவிட்டது.

சிதறல்தான் உறுத்துகிறது. டிஸ்பர்ஷனின் லத்தீன் வேருக்குத் தூவிப் பரப்புதல் என்று பொருள். அந்த வகையில் நேரான பெயர்ப்புதான். ஆனால் சிதறல் என்றதும் தெருமுனைப் பிள்ளையாருக்கு உடைக்கிற சிதறுகாய்தான் நமக்கு ஞாபகம் வரும். தவிர, ஒளிச்சிதறல் என்று இயற்பியலில் வேறொன்று இருக்கிறது. இந்தக் குப்பியில் ஒரு சொட்டை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு, லேசர் பேனாவைப் பிடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றை போகும் பாதை கோடாகத் தெரியும். அதுவே ஒளிச்சிதறல். சிதறலில் சிதறல் என்று எழுதினால் கேட்பவர் குழம்புவார்.

கரைசல் என்றும் சொல்ல முடியாது, எதுவும் கரையவில்லை. தொங்கல் (சஸ்பென்ஷன்) என்றால் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வாளி. குச்சியால் கிண்டிக்கொண்டே இருக்காவிட்டால் அடியில் தங்கிவிடும். இது தங்காது.

என் வோட்டு விரவலுக்கு. விரவுதல் என்றால் கலந்து நிற்றல். தொல்காப்பியத்தில் விரவுப்பெயர் என்று வரும்: சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. ஒரே பெயர் மனிதனுக்கும் மாட்டுக்கும் பொதுவாய் நிற்கும். அதனால் மனிதன் மாடாகிவிடுவதில்லை. துகளும் நீரும் அப்படித்தான்.

துகள் ஏன் தங்குவதில்லை? அளவு அவ்வளவு சிறியது. நீர் மூலக்கூறுகள் இடித்து அலைக்கழித்துக்கொண்டே இருக்கும். எல்லாத் துகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். இந்த நிலைக்குத்தான் பாடநூலில் கூழ்மம் என்று பெயர். 1861இல் தாமஸ் கிரகாம் கிரேக்கத்தில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து கொலாய்டு என்றார். அவருக்குப் பசை, நமக்குக் கூழ். ஜிகர்தண்டாவில் ஊறிக் கிடக்கும் பாதாம் பிசினைப் பார்த்தவர்களுக்கு இரண்டுமே புரியும்.

வைகையில் புதுத்தண்ணீர் வரும்போது குடத்தில் பிடித்தால் நாள் முழுக்கக் கலங்கலாகவே இருக்கும். அதுவும் களிமண் கூழ்மம்தான். படிகாரம் போட்டால் துகள்களின் மின்னூட்டம் அடங்கி, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இறங்கும். அந்தக் காலத்தில் குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டதும் இதற்குத்தான்.

பொடியாகவே வாங்கலாமே என்றால், பொடி கட்டிதட்டும். காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகும். அதனால் தொழிற்சாலைகள் திரவமாகவே வாங்குகின்றன. துத்தநாக, டைட்டானியம் ஆக்சைடுகள் வெயில் தடுப்புக் களிம்புக்கு, சீரியம் ஆக்சைடு கணினிச் சில்லு மெருகேற்ற, இரும்பு ஆக்சைடு காந்தத் திரவத்துக்கு.

‘துத்தநாக ஆக்சைடு மீநுண்துகள் விரவல்’ என்று திருத்திக்கொண்டாள். லேசர் பிடித்துப் பார்த்த டம்ளரில், படிகாரத்துக்குப் பதிலாக இரண்டு கரண்டி உப்பைப் போட்டு வைத்தோம். காலையில் மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளையாய் ஒரு படலம். அதற்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. வண்டல்.