ஒடியற்கூழ்: பானைக்குள் நடப்பது என்ன?

பனங்கிழங்கு ஒன்றுதான். அவித்துப் பிளந்து காயவிட்டால் அது புழுக்கொடியல். அவிக்காமல் பச்சையாகத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல். புழுக்கொடியலைப் பல்லுக்கு வேலை கொடுத்துச் சப்பலாம். இடித்த மாவில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுத் தின்னலாம். ஆனால் அந்த மாவில் கூழ் காய்ச்சினால், பானையில் தண்ணீர் ஒரு பக்கமும் மா ஒரு பக்கமுமாகக் கிடக்கும். மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற யாழ்ப்பாணத்து ஒடியற்கூழுக்கு ஒடியல் மாதான் வேண்டும். காரணம் மாப்பொருளின் பழக்கத்தில் இருக்கிறது.

கிழங்கின் கலங்களுக்குள் மாப்பொருள் சின்னச் சின்ன மணிகளாக இறுகிக் கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீர் இந்த மணிகளை அசைக்காது. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போதுதான் மணி தண்ணீரை உறிஞ்சி ஊதும்; உள்ளிருக்கும் நீளமான சங்கிலிகள் வெளியே கசிந்து ஒன்றோடொன்று சிக்கும். கூழ் தடிப்பது என்பது இதுதான். ஒரு மணி இப்படி ஊதுவது ஒரே ஒரு தடவை. புழுக்கொடியல் அந்தத் தடவையை அவிக்கும்போதே செலவழித்துவிட்டது. காயும்போது சங்கிலிகள் மறுபடி நெருங்கி இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிட்டன. ஒடியலில் மணிகள் இன்னும் உடையாமல் காத்திருக்கின்றன.

கிழங்கு என்று சொல்கிறோமே தவிர, அது வேரில் விளைவதல்ல. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராமல் குழாய்போல் மண்ணுக்குள் இறங்கும். கொட்டைக்குள் இருந்த பருப்பைப் பூரான் (முளைக்கும் கொட்டைக்குள் வளர்கிற பஞ்சுபோன்ற பகுதி) கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்ப, இளங்கன்றின் உறை அதை மாப்பொருளாகச் சேர்த்துப் பருக்கிறது. ஆடி, ஆவணியில் விழுகிற பழத்தின் கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் மார்கழி, தையளவில் கிழங்கு கிண்டலாம். பாத்தியை உயர்த்திக் கட்டுவதற்குக் காரணம் உண்டு: குடாநாட்டில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல்; முளை நேராக இறங்க ஆழமான இளகிய மண் வேண்டும்.

காயவிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், மா மணக்கும். கையால் ஒடித்தால் வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும். வாங்குகிறவர்களுக்கும் இதுவே சோதனை. மாவாக வாங்குவதென்றால் முகர்ந்து பாருங்கள். புளித்த நெடி இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கைப்பு. ஒடியல் மாவில் தண்ணீரில் கரைகிற கைப்புப் பொருள்கள் இருக்கின்றன. அதுமட்டுமல்ல, மூல மாவை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்த ஆய்வுகளில் நரம்புப் பாதிப்பும் தென்பட்டது. வெப்பம் அந்த நச்சுத் தன்மையை அடக்குகிறது. ஆகவே ஊறவிட்டுக் கழுவுவதும் நன்றாகக் கொதிக்கவிடுவதும் வெறும் வழக்கமல்ல. கழுவுவதும் எளிது. 250 கிராம் மாவை அரிதட்டில் அரித்துத் தும்பை நீக்கி, 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து இரண்டு, மூன்று மணி நேரம் விடுங்கள். மாப்பொருள் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. அது அடியில் படியும், கைப்பு மேல்தண்ணீரில் நிற்கும். தெளிந்ததைப் பதமாக ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை. அவசரப்பட்டுக் கலக்கிக்கொண்டே ஊற்றினால் கைப்போடு மாவும் போய்விடும், கூழ் நீர்த்துவிடும்.

இனிப் பானை. ஆறு பேருக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர், மீன்தலையும் துண்டுகளுமாக அரைக் கிலோ, நண்டு நான்கு, இறால் 250 கிராம், கணவாய் 200 கிராம், மரவள்ளிக்கிழங்கு 250 கிராம், பயிற்றங்காய் ஒரு பிடி, பலாக்கொட்டை இருபதளவில், சிவப்புப் பச்சையரிசி ஒரு சிறங்கை, முருங்கையிலை, செத்தல் மிளகாய் பன்னிரண்டு, தேசிக்காய் அளவு பழப்புளி, மஞ்சள், உப்பு. வீட்டுக்கு வீடு சாமான் மாறும். அதில் சண்டை வேண்டாம். ஆனால் போடுகிற ஒழுங்கு மாறினால் கூழ் கெடும்.

முதலில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய். மரவள்ளியில் சயனைட்டை விடுவிக்கிற சேர்மம் இருப்பதால் தோலைத் தடிப்பாகச் சீவி, தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பானையில் போட வேண்டும். ஐதரசன் சயனைட்டு 26 பாகையிலேயே கொதிக்கிற பொருள். பானை திறந்திருந்தால் ஆவியோடு போய்விடும். எனவே இந்தக் கட்டத்தில் மூடி வேண்டாம். கைக்கிற மரவள்ளியைப் பானைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

புளியை இப்போதே விட்டால்? காய்களின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரின் அமிலத்தில் எளிதில் கரையாது. பயிற்றங்காய் ஒரு மணி நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். பலாக்கொட்டை இன்னும் மோசம். ஆகவே இவை நசியும் பதம் வந்த பிறகுதான் புளி.

மீன்தலையும் நண்டும் அடுத்து. தலையின் தோலிலும் எலும்பைச் சுற்றியும் உள்ள கொலாஜன் கொதியில் ஜெலற்றினாகி இறங்கும். கூழ் உதட்டில் ஒட்டுகிற அந்தப் பசை மாவால் மட்டும் வருவதல்ல. தலையை விட்டுச் சதைத்துண்டு மட்டும் போடுகிறவர்கள் பாதிக் கூழை இழக்கிறார்கள். நண்டு சிவப்பதும் வெப்பத்தின் வேலை: அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமியைப் பிடித்து நீலமாகக் காட்டிக்கொண்டிருந்த புரதம் சூட்டில் குலைகிறது, நிறமி வெளிப்படுகிறது. இறாலும் அப்படியே. கணவாயைக் கடைசியில் போடுங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் மென்மையாக இருக்கும். அதைத் தாண்டினால் இறப்பர். மறுபடி மெதுவாக அரை மணிக்கு மேல் வேக வேண்டியிருக்கும்.

இனி மா. காய்ந்த மாவைக் கொதிதண்ணீரில் கொட்டினால், உருண்டையின் வெளிப்புறம் உடனே ஊதிப் பசையாகி, உள்ளே தண்ணீர் போக வழியில்லாமல் அடைத்துவிடும். எவ்வளவு துழாவினாலும் கட்டி உடையாது. உள்ளே பச்சை மா அப்படியே இருக்கும். கழுவிய மாவைக் குளிர்ந்த தண்ணீரில் தோசைமாப் பதத்துக்குக் கரைத்து, அம்மியில் உப்போடு அரைத்த மிளகாயையும் மஞ்சளையும் புளிக்கரைசலையும் அதிலேயே கலந்து, ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றி மறு கையால் அகப்பையைச் சுழற்றுங்கள். தணல் குறைவாக இருக்கட்டும். அகப்பை அடியைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். மணிகள் அடியில் படிந்து ஊதி ஒட்டினால் அடிப்பிடிக்கும், அந்த மணம் கூழ் முழுவதும் ஏறும். தடித்ததும் இறக்கிவிடாமல் கால் மணியாவது கொதிக்கட்டும். கொதிக்கிற கூழ் குமிழி வெடித்துத் தெறிக்கும், நீளக் காம்பு அகப்பை இதற்குத்தான். அதற்காக ஒரு மணி நேரம் விடாதீர்கள். புளியின் அமிலம் மாப்பொருள் சங்கிலிகளை அறுக்கத் தொடங்கி, தடித்த கூழ் இளகும். கணவாயும் முருங்கையிலையும் இறக்கும் தறுவாயில்.

புளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மீன் நாறுவதற்குக் காரணமான டிரைமெத்திலமைன் ஒரு காரம். அமிலத்தோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாகி மூக்குக்கு எட்டாமல் போகிறது.

இந்தப் பானையைப் பழைய யாழ்ப்பாணத்தின் பண்டைய உணவு என்று சுற்றுலாக்காரருக்குச் சொல்வார்கள். பாதிதான் சரி. பனையும் மீனும் பழையவை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அவர்கள் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619இல். மரவள்ளியும் தென்னமெரிக்காவில் பிறந்ததுதான். மிளகாய் வருமுன்பே இந்தக் கூழ் இருந்திருந்தால் உறைப்பு மிளகிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

உறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாயின் கப்சைசின் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அரிதாகவே. கூழில் எண்ணெயும் இல்லை, தாளிதமும் இல்லை. உறைப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் வாய் முழுவதும் பரவுமே ஒழிய அடங்காது. கூழோடு தேங்காய்ச் சொட்டைக் கடிக்கக் கொடுப்பது அழகுக்கல்ல, தேங்காயின் கொழுப்பு கப்சைசினைக் கரைத்துக்கொண்டு போகும்.

குடிப்பது பிளாவில். பனையோலையை மடித்துக் கோலிய அந்தக் கிண்ணம், சில்வர் குவளையைப்போலச் சூட்டை விரலுக்குக் கடத்தாது. கூழைப் பொறுக்கும் சூட்டிலேயே உறிஞ்சலாம். ஆற விடக்கூடாது. ஆறும்போது சங்கிலிகள் திரும்ப நெருங்கிக் கூழ் களிபோல் இறுகும். மிஞ்சியதைச் சூடாக்க வேண்டுமென்றால் கொதிநீர் கொஞ்சம் விட்டுக் கலக்கி, முழுக் கொதி வரவிடுங்கள்.

கடையில் கேட்பவர்கள் “ஒடியற்கூழ்” என்று முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுகிற ஆடிக்கூழ் வேறு: அது அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்த இனிப்பு. நண்டு, இறால் ஒவ்வாதவர்கள் “எனக்கு நண்டு இல்லாமல் அள்ளுங்கோ” என்று சொல்லிப் பயனில்லை. ஒவ்வாமை தருகிற புரதம் கொதித்தாலும் அழியாமல் கூழ் முழுவதும் கலந்திருக்கும்.